பட்டாவும் பர்மிட்டும்: சுதந்திராக் கட்சியும் பழைய சேலம் மாவட்டமும்

1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. சென்னை மாகாணத்தின் மற்ற மாவட்டங்களில் அன்றும் வழக்கம்போல வியாபாரம் நடந்தது. சேந்தமங்கலமும் அதற்குக் கிழக்கே எழுந்து நிற்கும் கொல்லிமலையும் அப்போது சேலம் மாவட்டத்துக்குள் இருந்தவை. நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரியில்தான். மதுவிலக்கை முதலில் நடத்திப் பார்க்கத் தம் சொந்த மாவட்டத்தையே தேர்ந்தெடுத்தவர் அன்றைய மாகாணப் பிரதமர் ராஜாஜி. ஒருவன் மாலையில் என்ன குடிக்கலாம் என்பதைச் சட்டம் போட்டுத் தீர்மானித்த அதே மனிதர், 22 ஆண்டுகள் கழித்து வேறொன்று சொன்னார். ஒருவன் எதைப் பயிரிடுவது, எந்தத் தொழிலைத் தொடங்குவது, விளைந்ததை யாருக்கு விற்பது என்பதில் சர்க்காருக்கு வேலை இல்லை என்றார். சொன்னதோடு நிற்காமல் எண்பது வயதில் ஒரு கட்சியையும் தொடங்கினார்.

இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று அன்றே பலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டுகிற ஓர் அரசியல் சிந்தனை உண்டு. அதைப் பழமைவாதம் என்கிறோம். நம் மேடைகளில் அது வசைச்சொல்லாக மட்டுமே புழங்கிவந்ததால், அதற்குள் என்ன இருந்தது என்று நிதானமாகப் பார்க்க வாய்ப்பே வரவில்லை. தேசியம், திராவிட இயக்கம், பொதுவுடைமை ஆகியவற்றுக்கு நம் வட்டாரத்தில் கொடி உண்டு, நினைவு மண்டபம் உண்டு, ஆண்டுதோறும் மாலை போட ஆள் உண்டு. சுதந்திராக் கட்சிக்கு அது எதுவும் இல்லை. மலர்க்குழு என்னிடம் கட்டுரை கேட்டபோது, சொந்தம் கொண்டாட ஆளில்லாத இந்தப் பக்கத்தை எழுதுகிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ரீடும் மன்றோவும்

கதை கட்சியிலிருந்து தொடங்குவதில்லை, நிலத்திலிருந்து தொடங்குகிறது. நாமக்கல் பாறைமேல் நிற்கும் கோட்டையைக் கட்டியவராகச் சொல்லப்படுபவர்களில் ஒருவர் சேந்தமங்கலம் பாளையக்காரர் ராமச்சந்திர நாயக்கர். பாளையக்காரர் காலம் போய், மைசூர் ஆட்சி வந்து, 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலமும் பாரமகாலும் கும்பினியார் கைக்கு மாறின. அங்கே வரி வசூலிக்க வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு. அவருக்கு உதவியாளராக இருந்த இளம் அதிகாரி தாமஸ் மன்றோ. நடுவில் ஜமீன்தார் எவரும் இல்லாமல், உழுகிற குடியானவனிடமே நேராகத் தீர்வை பேசி முடிக்கிற ரயத்துவாரி முறை இவர்கள் கையில் இந்த மாவட்டத்தில்தான் உருக்கொண்டது.

அது ஒரே கோட்டில் போகவில்லை. ரீடு 1799இல் போனார். வங்காளத்து ஜமீன் முறையைப் பார்த்துச் சேலத்திலும் கிராமங்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து மிட்டாக்களாக்கி ஏலத்தில் விட்டார்கள். மிட்டாதார்கள் பலர் கிஸ்தி கட்ட முடியாமல் திணறினார்கள். பல மிட்டாக்கள் சர்க்காரிடமே திரும்பி வந்து மறுபடி ரயத்துவாரி ஆயின. மேலேயிருந்து ஒரு திட்டத்தைக் கொண்டுவந்து மண்மேல் போர்த்தினால் என்ன ஆகும் என்பதை நம் முன்னோர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டார்கள் என்று சொல்லலாம்.

பழமைவாதச் சிந்தனையின் தந்தை என்று உலகம் கொண்டாடும் எட்மண்ட் பர்க், பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்துப் புத்தகம் எழுதியது 1790இல். அதற்கு ஐந்தாண்டுகள் முன்னதாக, 1785 பிப்ரவரியில், அவர் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் நிகழ்த்திய நெடும்பேச்சு நம்மைப் பற்றியது. ஆற்காட்டு நவாபின் கடன்கள் என்பது அதன் பொருள். கர்நாடகச் சீமையின் ஏரிகளை அதில் அவர் வியந்து பேசினார். தம் ஆயுளுக்குப் பின்னும் குடிமக்கள் வாழவேண்டும் என்று நினைத்த அரசர்கள் கட்டியவை அவை என்றும், வட்டிக்கு விட்டுப் பணம் பண்ண வந்தவர்கள் அவற்றை நாசமாக்கினார்கள் என்றும் குற்றம் சாட்டினார். முன்னோர் விட்டுச்சென்றதை அனுபவிக்கிறவன் அதைப் பின்னோருக்கும் விட்டுச்செல்லக் கடமைப்பட்டவன் என்ற கருத்து பிறகு அவர் பெயரோடே ஒட்டிக்கொண்டது. அதற்குத் தமிழ்நாட்டு ஏரி ஒரு சாட்சியாக நின்றதை நம் பாடப்புத்தகங்கள் ஏனோ சொல்வதில்லை.

மன்றோ 1820இல் சென்னை கவர்னரானார். 1824 டிசம்பர் 31 தேதியிட்டு அவர் எழுதிய நெடுங்குறிப்பில், இந்த நாட்டின் வழக்கங்களை அவசரமாகக் கலைத்துவிடாதீர்கள், அதிகாரத்தில் நாட்டாருக்கே பங்கு கொடுங்கள் என்று தம் சர்க்காருக்கே புத்தி சொன்னார். வெள்ளைக்காரர்களின் சூதில் இதுவும் ஒரு வகை என்பாரும் உண்டு. தீர்வையை ஒட்டக் கறந்த முறையும் இதே ரயத்துவாரிதான் என்பதை மறைக்கவேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் ஒன்று நிலைத்தது. ‘என் பட்டா, என் பூமி, எனக்கும் சர்க்காருக்கும் நடுவில் எவனும் இல்லை’ என்கிற மனசு சேலத்துக் குடியானவனுக்கு வந்தது. 1959இல் ராஜாஜி பேசிய அரசியலைக் கேட்கக் காதுகள் தயாராக இருந்ததற்கு இந்த மனசே காரணம்.

புதுப்பாளையத்து ஆசிரமம்

ராஜாஜி ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10இல் பிறந்தவர். சேலத்தில் வக்கீல் தொழில் செய்து பேரெடுத்தார், 1917 முதல் இரண்டாண்டு காலம் அங்கே நகராட்சித் தலைவராகவும் இருந்தார். 1925இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். கதர் நூற்றல், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு என்று மூன்று வேலைகள். ஒடுக்கப்பட்ட சாதியாரும் மற்றவர்களும் ஒரே பந்தியில் சாப்பிட்டதால் சுற்றுப்புறத்து ஊர்களில் எழுந்த எதிர்ப்பையும் அது தாங்கிக்கொண்டு நின்றது.

1929இல் ஆசிரமத்திலிருந்து ‘விமோசனம்’ என்ற பத்திரிகை வந்தது. ஆசிரியர் ராஜாஜி, உடனிருந்து உழைத்தவர் கல்கி. குடியின் கேட்டைச் சொல்வது ஒன்றே அதன் நோக்கம். கதை, படம், சித்திரம் எல்லாம் அதற்காகவே. சில இதழ்களோடு நின்றுபோனாலும், இந்தச் சிந்தனை மரபின் முதல் அச்சு மேடை அதுதான் என்பேன். 1941இல் கல்கியும் சதாசிவமும் தொடங்கிய ‘கல்கி’ வார இதழும், 1956இல் காசா சுப்பா ராவ் தொடங்கிய ‘ஸ்வராஜ்யா’ ஆங்கில வார இதழும் அதன் தொடர்ச்சி. ஒரு கட்சி தோன்றுவதற்கு முன்பே அதற்கான வாசகர்கள் தயாராகிவிட்டார்கள். மற்ற கட்சிகள் மன்றங்களிலும் தொழிற்சங்கங்களிலும் வளர்ந்தன. இது பத்திரிகையில் வளர்ந்தது. இதன் பலமும் பலவீனமும் இதுவே: படிக்கிறவர் வீட்டுக்குள் போயிற்று, படிக்காதவர் தெருவுக்குள் போகவே இல்லை.

இனி முதலில் சொன்ன முரணுக்கு வருவோம். ராஜாஜி கணக்கில் நாட்டின் அடிப்படை அலகு தனிமனிதன் அல்லன், சர்க்காரும் அல்ல. குடும்பம். குடி குடும்பத்தை அழிக்கும், ஆகவே கடையை மூடு. கூட்டுப்பண்ணை குடும்பத்திடமிருந்து நிலத்தைப் பிரிக்கும், ஆகவே அதை எதிர்த்து நில். இரண்டுக்கும் அளவுகோல் ஒன்றே. தனிமனித சுதந்திரத்தைத் தலையில் வைத்துப் பேசிய மேல்நாட்டுத் தாராளவாதிகளோடு அவர் சேர்ந்து நடந்தது பாதி வழிதான். மதுவிலக்கால் போன வருமானத்துக்கு ஈடாக 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தவரும் அவரே. வரியைக் கண்டால் முகம் சுளிக்கிறவர்கள் அவரைத் தங்கள் குலகுருவாகக் காட்டும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

சந்தையைத் திறந்ததும் பள்ளியைச் சுருக்கியதும்

1952இல் அவர் மறுபடி முதலமைச்சரானார். மக்களிடம் வாக்குக் கேட்டு வரவில்லை, மேலவை நியமன உறுப்பினராக வந்தார். ஜனநாயகம் பற்றி அவ்வளவு எழுதியவருக்கு அது அழகில்லை என்று அன்று சொன்னவர்கள் சொன்னது சரி. பதவியேற்ற கொஞ்ச நாளிலேயே, அந்த ஜூன் மாதம், உணவு தானியக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் நீக்கினார். அதிகாரிகள் பயந்தார்கள். பதுக்கலும் பஞ்சமும் வரும் என்றார்கள். நெல் சந்தைக்கு வந்தது. தாலுகா எல்லையில் வண்டியை நிறுத்தி மூட்டை எண்ணிய காலம் முடிந்தது. பிறகு அவர் பேசிய பொருளாதாரம் முழுவதும் இந்த ஒரே அனுபவத்தின் விரிவுரைதான் என்று சொன்னால் மிகையாகாது.

அடுத்த ஆண்டு வந்தது கிராமப்புறத் தொடக்கப்பள்ளித் திட்டம். பிள்ளைகளுக்குப் பள்ளியில் மூன்று மணி நேரம் மட்டும் பாடம், மீதிப் பொழுதில் பெற்றோர் தொழிலைக் கற்கலாம். இருக்கிற கட்டடத்தையும் ஆசிரியரையும் கொண்டு இரண்டு மடங்கு பிள்ளைகளுக்குப் படிப்பு சொல்லித் தரலாம் என்பது சர்க்கார் தரப்பு நியாயம். பெரியார் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பேர் வைத்தார். அந்தப் பெயரே நின்றது. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகினார், காமராஜ் வந்தார், அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

பழமைவாதத்தின் பெரிய சறுக்கல் இதுதான். குடும்பம் என்பது பாசமும் தொழிலும் மட்டும் அல்லவே. நம் நாட்டில் அது சாதி. தச்சர் வீட்டுப் பிள்ளை தச்சு கற்பதில் என்ன தவறு என்று கேட்பவர், மலம் அள்ளுகிறவர் பிள்ளை என்ன கற்கவேண்டும் என்ற அடுத்த கேள்விக்குப் பதில் சொல்லியாகவேண்டும். ஆசிரமத்தில் சமபந்தி நடத்தியவர், 1939இல் கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்புத் தந்தவர், இந்தக் கேள்வி வரும் என்று எப்படிப் பார்க்காமல் போனார்? அவருடைய அறிவுக்கூர்மையை நினைத்தால் இன்றும் விளங்காத விஷயம்.

நாகபுரியும் மயிலாப்பூரும்

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ், கூட்டுறவுக் கூட்டுப்பண்ணை முறையே இனி இந்திய விவசாயத்தின் வழி என்று தீர்மானம் போட்டது. நிலம் பேருக்கு அவரவருடையது, உழைப்பும் விளைச்சலும் பொது என்பது திட்டம். ஆந்திரத்து விவசாயத் தலைவர் என்.ஜி. ரங்கா காங்கிரஸிலிருந்து வெளியேறினார். ஜூன் 4ஆம் தேதி மயிலாப்பூர் விவேகானந்தர் கல்லூரியில் கூடிய கூட்டத்தையொட்டிப் புதுக்கட்சி அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் பம்பாயில் ஆயத்த மாநாடு கூடியது. ரங்கா தலைவர், மினூ மசானி பொதுச்செயலாளர். கே.எம். முன்ஷி வந்தார், சமஸ்தானங்களை இணைத்த வி.பி. மேனன் வந்தார், ஹோமி மோடி வந்தார். ராஜாஜி பதவி எதுவும் ஏற்கவில்லை, எல்லாம் அவர்தான்.

கட்சிக்கு 21 கொள்கைகள். அவற்றில் கடைசியானது எனக்கு மிகவும் பிடித்தது. அடிப்படைக் கொள்கையில் அடங்காத எந்த விஷயத்திலும் உறுப்பினர் தம் இஷ்டப்படி பேசலாம், வாக்களிக்கலாம் என்றது அது. கட்டுப்பாட்டையே கட்சியின் உயிராக நினைக்கும் நம் ஊரில் இது புதுமை. ராஜாஜியே இந்த உரிமையைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டார். 1938இல் பள்ளிகளில் இந்தியைப் புகுத்தியவர், 1960களில் ஆங்கிலமே தொடரட்டும் என்று நின்றது வடநாட்டுச் சகாக்கள் பலருக்குக் கசந்தது. அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லி 1962இல் வாஷிங்டன் போய்க் கென்னடியைக் கண்டதும் கட்சி வேலை இல்லை.

நேரு இதைப் பிரபுக்கள், ஜமீன்தார்களின் கட்சி என்று கேலி செய்தார். ராஜஸ்தானத்தையும் பிகாரையும் பார்த்தால் அது நியாயம்தான். ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி, ராம்கர் ராஜா எல்லோரும் இங்கே இருந்தார்கள். டாட்டா நிறுவனமும் காங்கிரஸுக்குக் கொடுத்ததோடு இதற்கும் நன்கொடை தந்தது. தமிழ்நாட்டில் நிலைமை வேறு. ஜமீன் முறை 1948 சட்டத்தோடு முடிந்துவிட்டது. இங்கே கட்சிக்கு வந்தவர்கள் வக்கீல்கள், பட்டாதாரர்கள், வியாபாரிகள், காங்கிரஸில் மனம் கசந்தவர்கள், தமிழ்ப் புலமையோடு அரசியலுக்கு வந்தவர்கள். 1962இல் காரைக்குடியிலிருந்து சுதந்திரா உறுப்பினராகப் பேரவைக்குப் போன சா. கணேசனை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கம்பன் அடிப்பொடி’ என்று பேர் வாங்கியவர், காரைக்குடிக் கம்பன் கழகத்தை நிறுவியவர். பணக்காரர் கட்சி என்ற அடைமொழிக்குள் இவரை எப்படி அடைப்பது?

பட்டாதாரர்கள் ஏன் வந்தார்கள் என்பதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. 1961இல் சென்னை மாநிலம் நில உச்சவரம்புச் சட்டம் கொண்டுவந்தது. ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (1970இல் அது 15 ஆயிற்று). 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. ஜமீன்களைக் கையகப்படுத்தத் தந்த விசேஷப் பாதுகாப்பு ரயத்துவாரி நிலத்துக்குப் பொருந்தாது என்பதே அன்றைய நீதிமன்றப் பார்வை. உடனே, அதே ஆண்டு ஜூனில், 17ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. ரயத்துவாரிப் பட்டா நிலமும் இனி ‘எஸ்டேட்’ என்ற சொல்லுக்குள் அடங்கும் என்றது. 44 சட்டங்கள் நீதிமன்றம் தொடமுடியாத ஒன்பதாம் அட்டவணைக்குள் போயின. ரீடும் மன்றோவும் பிரித்து வைத்த கோடு 170 ஆண்டுகளுக்குப் பின் அழிக்கப்பட்டது. பாராளுமன்றத்திலும் வெளியிலும் இதை விடாமல் எதிர்த்தவர்கள் சுதந்திராக்காரர்கள். உச்சவரம்புக்கு உட்பட்ட சொந்தச் சாகுபடி நிலத்தை எடுத்தால் சந்தை விலை தரவேண்டும் என்ற பாதுகாப்பு வாசகம் அந்தத் திருத்தத்திலேயே இடம்பெற்றதற்கு, நாடெங்கும் எழுந்த இந்த எதிர்ப்புக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

தேர்தல் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மக்களவையில் 1962இல் 18 இடம், 1967இல் 44, 1971இல் 8. தமிழகப் பேரவையில் 1962இல் 6 இடம். 1967இல் தி.மு.க.வோடு கூட்டுச் சேர்ந்து 20. ராஜாஜியும் அண்ணாவும் ஒரே மேடையில் ஏறியதைப் பார்த்துத் தமிழ்நாடு கண்ணைக் கசக்கிக்கொண்டது. அந்த உறவு நெடுநாள் ஓடவில்லை. 1971இல் கலைஞர் அரசு மதுவிலக்கைத் தளர்த்த முடிவு செய்தபோது, 92 வயது முதியவர் கொட்டும் மழையில் முதலமைச்சர் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகஸ்ட் 30இல் கடைகள் திறந்தன. 1972 டிசம்பர் 25இல் ராஜாஜி மறைந்தார். 1974 ஆகஸ்டில் கட்சி பாரதிய லோக்தளத்தில் கரைந்தது. 1959இலிருந்து எண்ணினால் அதன் ஆயுள் பதினைந்து ஆண்டு.

மலையடிவாரத்திலிருந்து பார்த்தால்

இதுவரை சொன்னது பட்டா உள்ளவர்களின் கதை. சேந்தமங்கலத்துச் சந்தையில் நின்று கிழக்கே பார்க்கிறவருக்கு வேறொரு கேள்வி வரும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால், மலையாளிகள் என்று சொல்லப்படும் பழங்குடி மக்களின் நாடுகள். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு என்று பதினான்கு. ஊருக்கு ஊர்க்கவுண்டர், நாட்டுக்குப் பெரியவர், வழக்கு வந்தால் கூட்டம், கூட்டத்துக்கு முறை. காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பியரின் வழிவந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. எழுதாத சட்டம், தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய அதிகாரம், சபையின் கண்காணிப்பு: பர்க் எதைப் புகழ்ந்தாரோ அது ஏட்டில் இல்லாமல் நடப்பில் இருந்த இடம் கொல்லிமலை.

சுதந்திராக் கட்சி அதைப் பார்க்கவில்லை. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் மலைக்காட்டைச் சர்க்கார் காடாக்கி, தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்களை அனுமதி கேட்டு நுழையவேண்டியவர்களாக மாற்றியிருந்தது. சர்க்கார் கை மக்கள் வாழ்க்கைக்குள் நீளக்கூடாது என்று முழங்கியவர்களுக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைத்திருக்குமா? ஆனால் அவர்கள் சொத்துரிமை என்று சொன்னபோது கண்முன் நின்றது ரயத்துவாரிப் பட்டா. வழக்கத்தால் வந்த உரிமை, காகிதத்தில் இல்லாத உரிமை, கண்ணில் படவில்லை. தரைநாட்டிலும் இதே குறைதான். பட்டாக்காரர் வயலில் கூலிக்கு நின்றவர்களுக்குக் கட்சியிடம் நல்ல வார்த்தை இருந்தது, திட்டம் இல்லை. அவர்கள் 1967இல் யாருக்கு வாக்களித்தார்கள் என்பதில் மர்மம் ஏதும் இல்லை.

தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை. அதனால் பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைகளுக்கு வழக்காற்று அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் கொல்லிமலைக்கு வரவே இல்லை. காட்டின்மேல் பழைய உரிமையை ஒப்புக்கொண்டது 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். அதைக் கேட்டுப் போராடியதில் முன்நின்றவர்கள் பழங்குடி அமைப்புகளும் இடதுசாரிகளும். மரபைக் காக்கும் வேலையை மரபுவாதிகள் விட்டுவிட, புரட்சி பேசியவர்கள் எடுத்துச் செய்தார்கள். சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டதும் அரசியல் சட்டத்தின் இடையீடுதான், சந்தையின் கொடை அல்ல.

கொல்லிமலை இந்தச் சிந்தனைக்கு வைத்த இன்னொரு சோதனையும் உண்டு. சாமை, தினை, கேழ்வரகு என்று மாற்றி மாற்றி விதைத்து, விதையை வீட்டிலேயே சேமித்த மலைச் சாகுபடியைக் குலைத்தது எந்த ஐந்தாண்டுத் திட்டமும் இல்லை. குச்சிக்கிழங்கு. கீழே ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும், ரொக்கம் கைக்கு வரும், குத்தி எடுக்கும் வேலையும் மிச்சம். மலையேறிய சாலையில் லாரி வந்தது, லாரியோடு கிழங்கு விலை வந்தது, சிறுதானியம் ஒதுங்கியது. 1990களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த விதைகளை மீட்டெடுக்க மலைமேல் வேலை செய்யவேண்டியிருந்தது. யாரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சுதந்திரமான சந்தை, சுதந்திரமான குடும்பம், போனதோ தலைமுறை தலைமுறையாக வந்த தானியம். சந்தையையும் மரபையும் ஒரே வண்டியில் பூட்டலாம் என்று ராஜாஜி நம்பினார். சந்தைப் பொருளாதார மேதை ஹாயெக் அப்படி நம்பவில்லை. தாம் ஏன் பழமைவாதி அல்லர் என்று 1960இலேயே கட்டுரை எழுதி ஒதுங்கிக்கொண்டார். இந்த விஷயத்தில் ஹாயெக் கண் தெளிவாக இருந்தது என்பது என் கட்சி. கிழங்கு விதைத்த குடும்பத்தைக் குறை சொல்லவும் எனக்கு மனம் இல்லை. பள்ளிக்கூடக் கட்டணம் சாமையில் கட்டமுடியாது.

வாரிசுகள்

கட்சி போனாலும் அது பேசிய மனசு நாமக்கல் வட்டாரத்தில் போகவில்லை. ‘பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்’ என்று ராஜாஜி எழுதியபோது பம்பாய் முதலாளிக்கு அது ஆலைக்கான உரிமம். நாமக்கல்காரருக்கு அது லாரி. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி எந்த ரூட்டில் வண்டி ஓடலாம், எந்த மாநில எல்லையைத் தாண்டலாம் என்பதற்கெல்லாம் பர்மிட் வேண்டும். நேஷனல் பர்மிட் வந்தது 1975இல். அதற்கு முன்பே இங்கே பட்டறைகளில் லாரிக்குப் பாடி கட்டத் தொடங்கி, டிரைவராக இருந்தவர் ஓனராகி, ஓனர் பத்து வண்டிக்காரராகி, திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடெங்கும் ஆழ்துளைக் கிணறு போட்டன. யாரும் திட்டம் போட்டுக் கொடுக்கவில்லை. மாமன், மச்சான், பங்காளி என்று உறவுக்குள் புரட்டிய பணம்தான் மூலதனம். ‘பண்ணையும் குடும்பமும்’ என்று ராஜாஜி பேசியதன் டீசல் வடிவம் இது. இதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் ‘ஸ்வராஜ்யா’வைக் கண்ணால் பார்த்தவர்கள் அல்லர்.

கோழிப்பண்ணைக் கதையும் ஏறக்குறைய இதேதான், ஒரு திருப்பத்தோடு. சர்க்கார் உதவாமல் வளர்ந்த நாமக்கல் முட்டைக்கு இன்று பெரிய, நிச்சயமான வாடிக்கையாளர் சர்க்காரின் சத்துணவுத் திட்டம். காமராஜ் தொடங்கிய மதிய உணவும் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவும் இல்லாவிட்டால் பண்ணைக்காரர் கணக்கு வேறாக இருக்கும். விவசாயிகளும் அப்படியே. 1970களில் கோவை, சேலம் பக்கம் நாராயணசாமி நாயுடு தலைமையில் திரண்ட குடியானவர்கள் சுதந்திராக் கட்சி நம்பியிருந்த அதே பட்டாதாரர்கள். மின்கட்டண உயர்வை எதிர்த்து மாட்டு வண்டிகளோடு சாலைக்கு வந்தார்கள். சர்க்கார் தள்ளி நிற்கட்டும் என்பதோடு நிற்காமல், சலுகை கொடு, கடனைத் தள்ளு என்றும் கேட்டார்கள். பட்டாக்காரரின் அரசியல் அங்கே திசை மாறிவிட்டது. மோட்டார் போட்டு ஆழத்திலிருந்து தண்ணீர் எடுக்கிற விவசாயத்தில் சர்க்காரைத் தள்ளி நிற்கச் சொல்ல முடியாது என்பது அவர்களுக்கு ராஜாஜியைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

ஏட்டளவில் கட்சிக்கு ஒரு கடைசி அத்தியாயமும் உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 29-ஏ என்ற பிரிவு 1989இல் நடைமுறைக்கு வந்தது. கட்சியாகப் பதிவு செய்ய விரும்பும் எந்த அமைப்பும் தன் விதிகளில் அரசியல் சட்டத்துக்கும், சோஷலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகியவற்றுக்கும் விசுவாசம் தெரிவிக்கவேண்டும் என்கிறது அது. சுதந்திராக் கட்சியின் மும்பை ஆட்கள் சிலர் 1990களில் பழைய பெயரைப் புதுப்பிக்க முயன்றபோது இந்தப் பிரிவு குறுக்கே நின்றது. கட்சி அலுவலகத்தை நெடுங்காலம் நடத்திய எஸ்.வி. ராஜு, இதை எதிர்த்து 1996இல் மும்பை உயர் நீதிமன்றத்துக்கு மனுவோடு போனவர்களில் ஒருவர். பிரிவு இன்னும் சட்டத்தில் இருக்கிறது. அந்த 21 கொள்கைகளையும் ஒரு எழுத்து மாற்றாமல் எடுத்துக்கொண்டு சேந்தமங்கலத்திலிருந்து ஒருவர் இன்று தேர்தல் ஆணையத்துக்கு விண்ணப்பித்தால், சோஷலிசத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்று முதலில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அதை எதிர்க்கத் தொடங்கமுடியும்.